ஐந்து மணிக் கப்பல்

பஸ்ஸின் கதவு நவரட்ணத்தின் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. சாரதி உள்ளேயிருந்து கையை விரித்துக் காட்டினான். பஸ் மலைப்பாதை வளைவில் திரும்பி மறைந்தது.

"பாத்தீரே? ஆள் ஓடி வாறது தெரிஞ்சும் விட்டிட்டுப் போறான்!"

"நீங்கள் ரொறன்ரோவில இவ்வளவு காலமும் செய்ததைத்தானே அவனும் செய்யிறான்," என்றாள் தவமணி.

அது பொய்யில்லை. நவரட்ணம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓடி வருகிறவருக்காக ஒரு நாளும் பிரேக்கில் கால் வைக்காதவர். கனடாவில், மார்க்கம் நகரிலுள்ள அவர்களுடைய வீட்டில் தேநீர்கூட பஸ்ஸைப்போல நேரசூசிப்படிதான், நிமிடம் தவறாமல் வரும். "ஒருக்காவாவது அம்மாவோட நிம்மதியா ஊர் பாத்திட்டு வாங்கோ அப்பா," என்று மகள் சுபாங்கிதான் இந்த மத்தியதரைக் கடல் பயணத்துக்கு இருவரையும் கப்பலேற்றி விட்டிருந்தாள்.

இன்று கரையிறங்கும் நாள். இத்தாலியில், வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு மலை ஊர். கீழே துறைமுகத்தில் கப்பல் வெள்ளை வெளேரென்று நின்றது. ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடும். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்குக் காப்பிக் கடைக்காரி சிரித்துவிட்டு வானத்தைக் காட்டினாள்.

"பாஸ்போட் எல்லாம் கப்பலுக்க கிடக்கு. அது போயிட்டுதெண்டால் நாங்கள் இஞ்ச அகதிதான்."

"அது எங்களுக்குப் பழகின வேலைதானே."

"பகிடி விடுற நேரமே இது?"

"இஞ்சேருங்கோ, அந்தக் கப்பல்..."

"கப்பலைப் பற்றி வாய் திறவாதையும்! எனக்கு நெஞ்சு படபடக்குது."

தவமணி வாயை மூடிக்கொண்டாள்.

வீதியோரத்தில் கீழ்நோக்கி ஒரு கல்படி இறங்கியது. கீழே இறங்கும் படி கடலுக்குத்தானே போகவேண்டும் என்று நவரட்ணம் கணக்குப் போட்டார். படியோ எலுமிச்சைத் தோட்டங்களுக்குள் புகுந்து, இரண்டு முறை வளைந்து, ஒரு வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது. அங்கே பந்தலுக்குக் கீழே நீள மேசை போட்டு ஒரு குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மேசைத் தலைமாட்டில் இருந்த மீசைக்காரர் எழுந்து, ஏதோ நெடுநாள் சொந்தக்காரரைக் கண்டவர்போலக் கைகளை விரித்தார். இரண்டு கதிரைகள் வந்தன.

"நோ, நோ! ஷிப்! ஷிப்!" நவரட்ணம் கடலைக் காட்டினார்.

மீசைக்காரரும் கடலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். எங்கள் கடல் அழகுதான் என்று அர்த்தம்போல. உடனே ஒரு தட்டு நிறையப் பொரித்த மீன் வந்தது.

திரும்பிப் பார்த்தால் தவமணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"உமக்கு விசரே? எழும்பும்!"

"பாசத்தோட குடுக்குதுகள். கத்தரிக்காயைப் பாருங்கோ, எங்கட பொரியல் மாதிரியே கிடக்கு."

நவரட்ணம் ஒரு வாய் வைத்தார். பிறகு இன்னொரு வாய். தட்டு காலியானபிறகுதான் ஐந்து மணி ஞாபகம் வந்தது. இனி விளக்கமாகச் சொன்னால்தான் சரிவரும் என்று எழுந்து நின்றார். தோளைக் குலுக்கிக் குலுக்கிக் கப்பல் அசைவதைக் காட்டினார். வாயில் கையைக் குவித்து "பூம்ம்ம்" என்று ஊதினார். கூட்டமாக ஆட்கள் ஏறுவதையும் நடித்துக் காட்டினார்.

மீசைக்காரருக்கு முகம் மலர்ந்தது. விளங்கிவிட்டது! இருவரையும் தன் மூன்று சில்லு வண்டியின் பின்பக்கத்தில், எலுமிச்சைக் கூடைகளுக்கு நடுவில் ஏற்றினார்.

"பாத்தீரே? மனிசனெண்டால் பாசை தேவையில்லை," என்றார் நவரட்ணம் பெருமையாக.

வண்டி மேலே ஏறியது.

"ஏன் தவமணி, மேல போறான்?"

"எனக்கென்ன தெரியும்? விளங்கப்படுத்தினது நீங்கள்தானே."

வண்டி தேவாலய வாசலில் நின்றது. முற்றம் முழுக்க ஆட்கள். பாண்ட் வாத்தியம் "பூம்ம்ம்" என்று முழங்கியது. பூக்களுக்கு நடுவில் ஒரு புனிதரின் சொரூபம், ஊர்வலம் போவதற்குத் தயாராக நின்றது. தோளைக் குலுக்கியதும் ஊதியதும் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று நவரட்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வாயைத் திறக்குமுன் மீசைக்காரர் அவருடைய தோளைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகி, சொரூபத்தைத் தூக்கும் தண்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகினார். எல்லோரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

"தவமணி! உவன் என்னைப் பிடிச்சு வைச்சிட்டான்!"

"விட்டிடாதேங்கோ! அந்தப் பக்கம் சாயுது!"

விடமுடியாது. விட்டால் புனிதர் விழுவார். ஊர்வலம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் புகுந்தது, ஒவ்வொரு வாசலிலும் நின்றது. அட்டவணையில்லாத ஒரு பயணத்தை நவரட்ணம் அன்றுதான் முதன்முதலில் செய்தார். தேவாலய மணி ஐந்தடித்தபோது அவருக்குக் கண் இருட்டியது.

ஆனால் யாரோ அவர் வாயில் தண்ணீர் வைத்தார்கள். யன்னலிலிருந்து ஒரு பெண் பூவைக் கொட்டினாள். பக்கத்தில் மெழுகுதிரியோடு நடந்த தவமணி தன் சால்வையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று அவர் யோசித்தார். யோசனையில் தோள்வலி மறந்துபோனது.

ஊர்வலம் படகுகளை ஆசீர்வதிக்கக் கடற்கரைக்கு இறங்கியது. கடைசி வளைவில் திரும்பியதும் நவரட்ணம் அப்படியே நின்றுவிட்டார். எல்லா விளக்கும் எரிய, கப்பல் துறைமுகத்தில் நின்றது!

"நிக்குது தவமணி! எங்களுக்காக நிக்குது!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொரூபத்தை இறக்கியதும் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டார். மீசைக்காரர் அவருடைய இரு கன்னத்திலும் முத்தமிட்டுக் கொஞ்சி, ஒரு பை எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். நவரட்ணமும் திருப்பிக் கொஞ்சினார். வாழ்க்கையில் ஒரு ஆம்பிளையைக் கொஞ்சியது அதுதான் முதல் தடவை.

கப்பலை நோக்கி நடக்கும்போது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் துள்ளிக் குதிச்சன். நீர் மட்டும் கொஞ்சமும் பதறேல்லை. நீர் இல்லாட்டி நான் இண்டைக்குச் செத்திருப்பன். தாங்ஸ், என்ன."

கல்யாணம் கட்டிய நாள்தொட்டு அவர் வாயிலிருந்து வராத சொல். தவமணி கடலைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கென்ன," என்றாள்.

கப்பலின் வாசலில் அட்டை பார்க்கிறவன் றோய், தூத்துக்குடிப் பையன். வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் மெழுகும் பூவுமாக வந்த நவரட்ணத்தைக் கண்டு அவன் திகைத்துப்போனான்.

"என்ன சார், இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க? அடுத்த துறைமுகத்துல காத்து ஜாஸ்தி, கப்பல் நாளைக்குச் சாயங்காலம்தான் கெளம்பும்னு காலையில இறங்கும்போதே அம்மாகிட்டச் சொன்னேனே!"