ஃபோகஸ் அண்ணன் அனுப்பாத படம்

ஃபோகஸ் அண்ணனைப் போலக் குழம்பிய மனிதர் போத்தனூரில் இதற்கு முன் இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அவிநாசியில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது பெண்ணின் முகத்தை எடுப்பதா, மாப்பிள்ளையின் கையை எடுப்பதா என்று அண்ணன் தடுமாறியதில், வீடியோவில் விழுந்தது நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் மட்டும்தான்.

"ஏனுங்க, கண்ணாலம் எங்க புள்ளைக்குங்களா, நாதஸ்வரக்காரருக்குங்களா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். அதற்கும் அண்ணன் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு குறும்படம் எடுத்துவிட்டார். கோவையில் நடக்கவிருந்த திரைப்பட விழாவுக்கு உள்ளூர்ப் படங்கள் கேட்டிருந்தார்கள். லேப்டாப்பில் எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பெரியவர் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறார், மட்டை பொறுக்குகிறார், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். எல்லாமே எட்டத்திலிருந்து.

"கிட்டப் போயி எடுக்கலீங்களாண்ணா?"

"போனா நாயை அவுத்து உட்ருவாருங்க தம்பி. அவரு என்ற மாமனாருங்க."

காதல் கல்யாணம். மகளும் மருமகனும் கிணத்துக்கடவுத் தோப்புக்குள் கால் வைக்கக்கூடாது என்பது மாமனாரின் கட்டளை. அண்ணனின் மனைவி கவிதா அக்கா அப்பாவை நினைத்து அழும்போதெல்லாம், அண்ணன் தோப்பு வேலிக்கு வெளியே நின்று, ஜூம் போட்டு மாமனாரைப் படம் பிடித்து வந்து காட்டுவார். அவற்றை ஒன்றாக ஒட்டிச் சேர்த்ததுதான் இந்தப் படம்.

அனுப்பினால் மாமனாருக்குத் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் மனசு கேட்காது. தேர்வானால் பயம், ஆகாவிட்டால் அவமானம். இது கதையா, ஆவணப்படமா என்று பால்காரரைக்கூடக் கேட்டார். காலையில் "அனுப்பிப்போடலாமுங்க" என்பார். மத்தியானம் "வேண்டாமுங்க" என்பார். சாயங்காலம் என்னிடமே, "காத்தால நான் என்னங்க சொன்னேன்?" என்பார்.

கடைசி நாளும் வந்தது. கவிதா அக்காதான் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, எங்கப்பனைக் கேக்காம ஊருக்கெல்லாம் எப்படிங்க காட்டுவீங்க? போயிக் கேட்டுப்போடலாம், கிளம்புங்க" என்றார்.

துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்கள். மகளைக் கண்டதும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துப் படத்தை ஓடவிட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். அண்ணன் ஓடுவதற்குத் தோதாகச் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

திரையில் பெரியவர் தனியாகச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவினார்.

"ஏங்கண்ணு, நான் இத்தனை எளைச்சா போயிட்டேன்?" என்றார் மகளிடம்.

அக்கா விம்மி அழுதுவிட்டார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"என்ன படமுங்க மாப்ள இது? மூஞ்சியே தெரியல. கிட்ட வந்து எடுக்கறதுக்கென்ன?"

"வரலாமுங்களா மாமா?"

"மொதல்ல சோறு தின்னுங்க."

அண்ணன் அன்று மூன்று தரம் குழம்பு ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்து, மாமனாரும் மகளும் வெற்றிலை போடுவதைக் கிட்ட நின்று எடுக்கத் தொடங்கினார். விழாவுக்கான கடைசி நேரம் எப்போது தாண்டியதென்று எங்கள் யாருக்கும் தெரியாது.

விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு தோப்புக்குப் போயிருந்தார். நான் மட்டும் விழாவுக்குப் போனேன். நல்ல படங்கள்தான். ஆனாலும் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல், கடைசிவரை என் பையை வைத்திருந்தேன்.