கோழியின் மாமியார்

ரத்ததான நிலையத்துக்குள் ரத்தம் கொடுக்க ஆளில்லை. வெளியே எதிர்ச்சாரியில் ரத்தத்தைக் காட்ட வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை.

பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடையை வாடகைக்குப் பிடித்து, 'குருதி ஞானி' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார் ஒருவர். அதற்கு முன்பு அவர் பேருந்து நிலையத்தில் முடி வளரும் தைலம் விற்றவர் என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தைலம் வாங்கியவர்களின் வழுக்கைத் தலைகள் இப்போது அவருடைய வரிசையிலேயே பளபளத்தன. ஏமாந்தவன் திரும்பி வரமாட்டான் என்று யார் சொன்னது? ஏமாந்தவனைப் போல விசுவாசமான வாடிக்கையாளர் யாரும் கிடையாது.

கைரேகை பார்ப்பவர்கள் உண்டு. முகம் பார்ப்பவர்கள் உண்டு. இவர் பஞ்சு பார்த்தார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவரின் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எடை பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்துவார்கள். போன வாரம் காய்ச்சல் இருந்ததா என்று ஆரம்பித்து, கட்டிய மனைவிகூடக் கேட்காத கேள்வி வரைக்கும் கேட்பார்கள். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். பக்கத்தில் ஒரு தட்டு தொட்டில்போல ஆடும். நம் ரத்தப் பை அதில் படுத்து ஆடும். குழாய் கையில் உரசினால் நம் சூடு நமக்கே தெரியும். எல்லாம் முடிந்ததும் முழங்கை மடிப்பில் பஞ்சு, மேலே பிளாஸ்திரி, பழச்சாறு, பிஸ்கட். "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்பார் நர்ஸ். நாம் உட்கார மாட்டோம். நமக்கு வீரம். வெயிலில் கால் வைத்ததும் தலை லேசாகக் கிறுகிறுக்கும்.

அந்தக் கிறுகிறுப்புக்காகத்தான் ஞானி காத்திருந்தார்.

"தலை சுத்துதா? சுத்தும். ரத்தம் மட்டுமா போச்சு, கூடவே அதிர்ஷ்டமும் போகுது. இப்படி உட்காரு."

உட்கார்ந்தவரின் பஞ்சைப் பிரித்து வெள்ளைத் தட்டில் வைப்பார். பழுப்பு நிறக் குப்பி ஒன்றிலிருந்து நாலு சொட்டுத் தீர்த்தம் விடுவார். அவ்வளவுதான். பஞ்சில் இருந்த ரத்தத் துளி வெள்ளை வெளேரென்று நுரைத்துப் பொங்கும்.

"பார்த்தியா, தோஷம் கொதிக்குது."

பார்க்காமல் என்ன செய்வார்கள்? கண்ணெதிரே கொதிக்கிறதே. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் வீட்டு விவகாரங்களைப் புட்டுப் புட்டு வைப்பார். மகனுக்கு வேலை இல்லை என்பார், இல்லைதான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை என்பார், இல்லவே இல்லை. காணிக்கை விழுந்ததும் மந்திரம் சொல்லி, அதே மாதிரி இன்னொரு குப்பியிலிருந்து அதே பஞ்சில் சொட்டு விடுவார். இந்தத் தடவை பொங்காது. தோஷம் போய்விட்டது. ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

வரிசையில் படிக்காதவர்கள் மட்டும் நிற்கவில்லை. கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் முதல் ஆளாக நின்றார். ஊசிக்குப் பயந்தவர்கள் ரத்தம் கொடுக்காமலே வந்து, குண்டூசியால் விரலைக் குத்திக்கொண்டு நின்றார்கள். தானம் கொடுக்கக் குத்தினால் வலி. தோஷம் பார்க்கக் குத்தினால் வலிக்காது.

இந்த வரிசையில்தான் ஒரு பேருந்து ஓட்டுநரும் போய் மாட்டிக்கொண்டார்.

அவருடைய மாமனாருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மாமனாருடையது அபூர்வமான ரத்த வகை. மருமகனுடையதும் அதே வகை. நிலையத்தின் அலமாரியில் அந்த வகை ஒரு பைகூட இல்லை. பொருத்தம் பார்க்க ஓட்டுநரின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, "பொருந்தினா கூப்பிடுறோம், வந்து கொடுங்க" என்று நர்ஸ் அனுப்பினார். கையில் பஞ்சோடு வெளியே வந்தவரை எதிர்ச்சாரி இழுத்தது.

அன்று பஞ்சு பொங்கிய பொங்கலைப் பார்த்து ஞானியே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உன் வீட்டுல சமீபத்துல ஒரு உயிர் போயிருக்கு. பொம்பளை உயிர்."

போயிருந்தது. போன வருஷம் மாமியார் இறந்திருந்தார்.

"அடுத்தது ஒரு ஆம்பளைக்கு உன் ரத்தத்தைக் கொடுக்கப் போற. கொடுத்தா அந்த உயிரும் போகும். ஏழு தடவை வந்து கழிக்கணும். அதுவரைக்கும் உன் ரத்தம் யார் உடம்புலயும் ஏறக் கூடாது."

ரத்தம் பொருந்துகிறது என்று நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது ஓட்டுநர் தொலைபேசியை எடுக்கவில்லை. மனைவியின் எண்ணுக்கு வந்தது. அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, அப்பாவுக்கு ஆபரேஷன் தள்ளிப் போகுதுன்னு சொல்றாங்க. நீங்க போன் எடுக்கலையாம்."

"நான் கொடுக்க மாட்டேன்."

"ஏன்?"

அவர் சொன்னார். ஞானியின் வாக்கை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "மாமா எனக்கு அப்பா மாதிரி. என் ரத்தத்தாலேயே அவரைக் கொல்லச் சொல்றியா?"

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் கத்தவில்லை. பயத்தில் இருக்கிறவனிடம் கத்தினால், பயம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கே உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. அம்மா போனது அந்த ஞானிக்கு எப்படித் தெரிந்தது?

"நீங்க உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் யார்கிட்டயெல்லாம் பேசினீங்க?"

"நர்ஸ்கிட்ட. அப்புறம் பிஸ்கட் மேஜையில ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுஷன். கையில பஞ்சு ஒட்டியிருந்தது. யாருக்குக் கொடுக்கிறீங்கன்னு கேட்டாரு. மாமா கதை, அத்தை கதை எல்லாம் சொன்னேன். எவ்வளவு அக்கறையா கேட்டாரு தெரியுமா?"

"தெரியுது" என்றாள் அவள்.

மறுநாள் அவள் நர்ஸைப் போய்ப் பார்த்தாள். பிஸ்கட் மேஜைக்காரரைப் பற்றிக் கேட்டதும் நர்ஸ் பெருமூச்சு விட்டார். "யாரையோ கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிட்டு தினமும் வந்து உட்கார்றாரு. பழச்சாறுக்காக வர்றாருன்னு நினைச்சேன். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

தினமும் முழங்கையில் புதுப் பஞ்சு. ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில், தினமும் பஞ்சோடு உட்காரும் வள்ளல். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவள் கறிக்கடைக்குப் போனாள். திரும்பி வந்து, கணவரின் எதிரிலேயே ஒரு பஞ்சை எடுத்து, சின்ன டப்பாவிலிருந்த சிவப்பில் தொட்டு, தன் முழங்கை மடிப்பில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள்.

"என்னது அது?"

"கோழி ரத்தம்."

"சாமியைச் சோதிக்கக் கூடாதுடி. பாவம்."

"கடைக்கு வர்றவங்க எல்லாருமே நல்லா தெரியுதுன்னுதான் சொல்வாங்க. முன்னாடி நின்னவன் வாசிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு அப்படியே ஒப்பிப்பாங்க. நான் எழுத்து அட்டையைத் தலைகீழா மாத்தி வைப்பேன். அப்பத்தான் நிஜமாத் தெரியுதான்னு தெரியும். என்கூட வாங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. நான் தோத்துட்டா ஏழு தடவையும் நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் போனார். ரத்தத்தின் மேல் இருந்த பயத்தைவிட மனைவியின் மேல் இருந்த பயம் கொஞ்சம் மூத்தது.

கணவரை நிலையத்தின் வாசலில் நிறுத்திவிட்டு, பிஸ்கட் மேஜையில் அந்த நல்ல மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் கொடுமை தாங்கவில்லை. தினமும் சாபம் விடுகிறார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான், ஆற்றோடு போய்விட்டான். சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் உச்சுக் கொட்டினார். ஒரு பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று எழுந்து போனார்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. கணவர் பக்கத்தில் நின்றார். ஞானி பஞ்சைப் பிரித்தார், சொட்டு விட்டார். பஞ்சு பொங்கியது. கூட்டம் 'உச்' என்றது.

ஞானி கண்ணை மூடினார். "வீட்டுக்குள்ளயே எதிரி. உன் மாமியார் விட்ட சாபம் இந்த ரத்தத்துல ஊறிக் கிடக்கு. தண்ணியில போன உயிர் ஒண்ணும் தெரியுது. கூடப் பிறந்தவன். அவனுக்கு இன்னும் சாந்தி ஆகல."

ஓட்டுநரின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார்.

"இது எல்லாம் இந்த ரத்தத்துல தெரியுதா சாமி?"

"அட்சரம் அட்சரமாத் தெரியுது."

"இது கோழி ரத்தம் சாமி. காலையில கறிக்கடையில வாங்கினது. கோழிக்கு மாமியார் உண்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்து, பயந்து, நிறுத்திக்கொண்டார். ஞானி கண்ணைத் திறந்தார். ஒரு நொடி தடுமாறினார், ஒரே நொடி. அந்தத் தொழிலில் அதற்கு மேல் தடுமாறினால் பிழைக்க முடியாது.

"உன் கையில கட்டின உடனே உன் தோஷம் அதுல இறங்கிடுச்சு. கோழி என்ன, கல்லைக் கட்டினாலும் பொங்கும்."

கூட்டம் தலையாட்டியது. "அதுக்கும் வாய்ப்பு இருக்கு" என்றார் தர்க்கப் பேராசிரியர்.

"என் தோஷமே இறங்கியிருக்கட்டும்" என்றாள் அவள். "எனக்குக் கல்யாணம் ஆகிறதுக்கு முன்னாடியே என் மாமியார் இறந்துட்டாங்க. அவங்க முகத்தைப் போட்டோவுலதான் பார்த்திருக்கேன். எனக்கு அண்ணனே கிடையாது, நான் ஒத்தைப் பொண்ணு. இந்தப் பொய் ரெண்டையும் நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அதோ நிக்கிறாரே, அவர்கிட்ட."

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பிஸ்கட் மேஜைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

அதுவரை வாய் திறக்காத ஓட்டுநர் இப்போது நடந்தார். பேருந்தை வளைக்கிற கை. அவர் முழங்கையைப் பிடித்ததும் அந்த ஆள் அசையவில்லை. பிளாஸ்திரியை உரித்தார். பஞ்சில் சிவப்பு இருந்தது. அடியில் தோல் வழவழவென்று இருந்தது. ஊசி குத்திய தடமே இல்லை. ஞானியின் மேஜைக்கு வந்து, அந்தப் பஞ்சைத் தட்டில் வைத்து, முதல் குப்பியை எடுத்துச் சொட்டு விட்டார்.

பொங்கவில்லை. இன்னும் விட்டார். சிவப்பு கரைந்து தட்டில் மையாக ஓடியது.

"எங்க எல்லாருக்கும் தோஷம். இவருக்கு மட்டும் இல்லையா சாமி?" ஓட்டுநரின் குரல் நடுங்கியது. பயம் போயிருந்தது, இது வேறு நடுக்கம். இரண்டாவது குப்பியை எடுத்துத் தன் மனைவியின் கோழிப் பஞ்சில் விட்டார். பேசாமல் கிடந்தது. "இன்னும் காணிக்கையே வைக்கல. தோஷம் போயிடுச்சு போல." மறுபடி முதல் குப்பி. மறுபடி நுரை.

கூச்சல் கேட்டு நர்ஸ் சாலையைக் கடந்து வந்திருந்தார். நுரையைப் பார்த்ததும் அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "இது புண் கழுவுற பெராக்சைடு. மருந்துக் கடையில கேட்டா யாருக்கும் தருவாங்க. ரத்தம் எங்க பட்டிருந்தாலும் நுரைக்கும். உங்க ரத்தம், என் ரத்தம், இவரு ரத்தம், கோழி ரத்தம். அந்த இன்னொரு குப்பியில இருக்கிறது பச்சைத் தண்ணி."

"என்னைப் பழிச்சவங்க யாரும் நல்லா இருந்ததில்லை" என்றார் ஞானி, மேஜைக்கு அடியில் பையைத் தேடியபடி.

அந்தச் சாபம் பலித்தது. அவரையே அவர் அதிகமாகப் பழித்துக்கொண்டிருக்க வேண்டும். காவல்துறை வண்டி வரும்வரை அவரும் பிஸ்கட் நண்பரும் செருப்புக் கடைக்குள்தான் பூட்டப்பட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. நேரே உள்ளே போய் சாய்வு நாற்காலியில் படுத்துக் கையை நீட்டினார். "எடுங்க சிஸ்டர்." பந்தை அமுக்கிய வேகத்தைப் பார்த்து, "மெதுவா, பை ஓடிப் போயிடாது" என்றார் நர்ஸ். பக்கத்தில் நின்ற மனைவியை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆடுகிற தட்டையே பார்த்துக்கொண்டு, "மாமாகிட்டச் சொல்லிடாத" என்றார்.

"எதை?"

"ரெண்டு நாள் நான் போன் எடுக்காம இருந்ததை."

அவள் அவர் நெற்றியில் துளிர்த்த வியர்வையைத் துடைத்துவிட்டாள். முடிந்ததும் அவர் எழப் போனார். "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார். பழச்சாறு முழுவதையும் குடித்த பிறகே எழவிட்டாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. மாமனார் கண் விழித்து, மருமகனைப் பார்த்து, "மாப்பிள்ளை, உங்க ரத்தம் ஏறினதுல இருந்து எனக்குப் பஸ் ஓட்டணும்போல இருக்கு" என்றார். மகள் முறைத்தாள். "சும்மா சொன்னேம்மா" என்று அவர் அவசரமாகச் சொல்லிவிட்டார்.

அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிற அன்று, நர்ஸிடம் சொல்லிக்கொள்வதற்காக அவள் நிலையத்துக்கு வந்தாள். வாசலில் தர்க்கப் பேராசிரியர் காத்திருந்தார். அவர் திருந்தி வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் நின்றாள்.

"அம்மா, அந்த ஆள் போலின்னு இத்தனை பேர்ல உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "உங்ககிட்ட ஏதோ சக்தி இருக்கு. எனக்கும் பார்த்து ஒரு பரிகாரம் சொல்லுங்களேன்."

அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்றேன் சார். யார் எதைச் சொன்னாலும், கும்பிடறதுக்கு முன்னாடி, 'உனக்கு எப்படித் தெரியும்'னு ஒரு கேள்வி கேளுங்க."

பேராசிரியர் பயபக்தியோடு தலையாட்டினார். "எத்தனை நாளைக்குச் செய்யணும்மா?"

"சாகிற வரைக்கும் சார்."