ஸ்டவ் பின்னும் ஒரு ஜின்னும்

பேயிடம் திருடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருவன் இருக்கிறேன். திருடிய பொருள் ஒரு ஸ்டவ் பின். (தங்கம், வைரம் என்று எதையாவது எடுத்திருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது கௌரவமாக இருந்திருக்கும்.)

எழுபதுகளின் நடுவில் துபாயில், தேராவில் இருந்த ஒரு சர்வே கம்பெனியின் ஸ்டோரில் நான் கிளார்க். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வயது இருபத்து மூன்று. தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஆணி, கயிறு, கூடாரத் துணி என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, பாலைவனத்துக்கு ஜீப்பில் போய் வருகிற ஆட்களைப் பார்த்தால் வயிறெரியும். ஒரு நாள் மேனேஜர் கொட்டகைக்கு வந்தார். சமையல்காரர் வர்கீஸ் லீவில் ஊருக்குப் போய்விட்டார் என்றும், அபுதாபிக்கு மேற்கே ஒரு வார வேலைக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

"யாருக்குச் சமைக்கத் தெரியும்?"

நான் எழுந்து நின்றேன். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும்.

வர்கீஸின் கிச்சன் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டி. முன்பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே மேஜையாகிவிடும். உள்ளே ஸ்டவ்வுக்கு ஒரு அறை, தட்டுக்கு ஒரு அறை, டப்பாக்களுக்கு வரிசையாகத் தடுப்புகள். என்னென்ன வைக்க வேண்டும் என்று மூடியின் உள்பக்கம் ஒரு பட்டியலும் ஒட்டியிருந்தது. மலையாளத்தில். பக்கத்து ரூமில் மூன்று மலையாளிகள் இருந்தார்கள். கேட்டிருக்கலாம். "சமைக்கத் தெரிந்தவன்" என்று எழுந்து நின்றவன் எப்படிக் கேட்பது? (இப்படிப்பட்ட சுயமரியாதை எனக்கு அந்த வயதில் நிறைய இருந்தது. இப்போது சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.)

அம்மாவின் அடுக்களையை மனதில் நிறுத்திக்கொண்டு சொந்தமாகவே நிரப்பினேன். இட்லித் தட்டு வைத்தேன், மாவுக்கு வழி யோசிக்காமல். தேங்காய்த் துருவி வைத்தேன். முறுக்கு அச்சுகூட வைத்தேன். பாலைவனத்தில் ஒரு வாரத்தில் யாருக்கு முறுக்கு ஆசை வரும் என்று நினைத்தேனோ தெரியாது. பெருங்காயக் கட்டி ஒன்று, வெல்லக் கட்டி அளவுக்குப் பெரிதாக. பெட்டி நிரம்பிவிட்டது. மூடி, மேலே உட்கார்ந்து, கொக்கியை மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் நிஜமான சமையல்காரன் என்றே நம்பினார்கள்.

நாங்கள் மூன்று பேர். ஹார்ட்டன் என்ற வெள்ளைக்கார சர்வேயர், குல் கான் என்ற பட்டாணி டிரைவர், நான். பாதி வழியில் ஹார்ட்டன் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பெட்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார். மூக்கால் தேடிப் பெருங்காயத்தைக் கண்டுபிடித்தார். அது பெட்டியில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தூக்கி எறிய மனம் வராமல் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஹார்ட்டன் என்னிடம் பேச வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

கூடாரம் போட்ட இடம் உப்புத்தரை. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை. மேலே பொருக்கு, கீழே சேறு. வடக்கே மட்டும் ஒரு நீண்ட மணல்மேடு. முதல் நாள் ரொட்டியும் டப்பா மீனும் சாப்பிட்டதால் என் வண்டவாளம் வெளியே வரவில்லை. மறுநாள் காலை இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள்.

"பன்னிரண்டு மணிக்குச் சூடாகச் சாப்பாடு வேண்டும்" என்றார் ஹார்ட்டன்.

குல் கான் என் தோளில் தட்டி, "அச்சா கானா, பாய்" என்று நல்ல சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர்கள் போனபின் ஸ்டவ்வைப் பம்ப் அடித்தேன். புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. பர்னர் கண்ணில் மணல். குத்தி எடுக்கப் பின் வேண்டும். பெட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். பின் இல்லை. தேடும்போதுதான் தெரிந்தது, கத்தியும் இல்லை, உப்பும் இல்லை. முள், குச்சி, முறுக்கு அச்சின் ஒரு சில்லு என்று எதையெல்லாமோ நுழைத்துப் பார்த்தேன். அந்தத் துவாரம் தலைமுடிக்குத்தான் வழிவிடும்.

விறகு பொறுக்கி அடுப்பு மூட்டலாம் என்று தோன்றியது. வரும் வழியில் மணல்மேட்டுப் பக்கம் காய்ந்த முட்செடிகளைப் பார்த்திருந்தேன். கிளம்பினேன். இருபது நிமிஷ நடைதான்.

பத்தாவது நிமிஷத்தில் மூடுபனி வந்தது.

அந்த ஊர்ப் பனியைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு வெள்ளைச் சுவர் சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. தரை வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் நான். நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. திரும்பி நடந்தேன். திரும்பியதாகத்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பொருக்கு உடைந்து இடது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. காலை இழுத்தபோது கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவினேன். சேறு கையையும் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

இதற்குமுன் இப்படி வழி தப்பிய ஆட்களைப் பற்றி ஸ்டோரில் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கதை எதுவும் நன்றாக முடிந்ததில்லை. நின்றுவிடலாம் என்று நின்றேன். நின்றால் இன்னும் பயமாக இருந்தது. என் மூச்சே யாரோ பக்கத்தில் நின்று விடுவது மாதிரிக் கேட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டங். டங். பாத்திரத்தின் விளிம்பில் கரண்டியைத் தட்டுகிற சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி டங்.

நடந்தேன். சத்தம் ஒரே சீராக வந்தது, நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. காலுக்கடியில் உப்பு போய் மணல் வந்தது. மேடு ஏறி இறங்குகிறோம் என்று புரிந்தது. சட்டென்று சத்தம் நின்றது. எதிரில் ஒரு கூடாரம்.

எங்கள் கூடாரம் இல்லை. ஆனால் வாசலில் எங்கள் கிச்சன் பெட்டி இருந்தது. அதே மரம், அதே கொக்கி, முன்பலகை சாய்த்து மேஜையாக விரித்திருந்தது. அதன்மேல் நாலு தட்டு, கவிழ்த்து வரிசையாக. ஒரு கண்ணாடி டம்ளரில் டீ. டீயிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "கோன் ஹை?" என்று உருதுவில் கேட்டேன். பிறகு இங்கிலீஷிலும் கேட்டேன். டீயின் ஆவி மட்டும் மேலே போய்ப் பனியோடு கலந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் மறந்தது எல்லாம் அதில் இருந்தது. உப்பு இருந்தது. கத்தி இருந்தது. ஒரு கார்க்கில் குத்தி, என் கண்ணுக்கு நேராக ஒரு ஸ்டவ் பின். நான் எப்படிப் பெட்டியை நிரப்பியிருக்க வேண்டுமோ அப்படி யாரோ நிரப்பி, எனக்குக் காட்டுவதற்காகத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்கு ஹார்ட்டனின் பன்னிரண்டு மணிதான் ஞாபகம் வந்தது. பின்னை எடுத்துக்கொண்டேன். சும்மா எடுக்கப் பயமாக இருந்தது. இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் எந்த உலகத்து ஆளோ. சட்டைப் பையிலிருந்து பெருங்காயக் கட்டியை எடுத்து, ஒரு தட்டை நிமிர்த்தி, நடுவில் காணிக்கையாக வைத்தேன். கும்பிட்டேன். வந்த திசை என்று தோன்றிய பக்கம் நடந்தேன். உப்புத்தரை வந்ததும் ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் பனி விலகியது. எங்கள் கூடாரம் கூப்பிடு தூரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மணல்மேடு மட்டும்தான் இருந்தது.

பின் வேலை செய்தது. பன்னிரண்டு மணிக்கு உப்புமா தயார். உப்புத்தரையில் உட்கார்ந்து உப்பில்லாத உப்புமாவை மூவரும் சாப்பிட்டோம். ஹார்ட்டன் ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது வாய் எடுக்கவில்லை.

குல் கானிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் மேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தோம். மத்தியானம் அடித்த காற்றில் மணல் சமமாகக் கிடந்தது. கூடாரம் இல்லை, பெட்டி இல்லை, ஒரு தடமும் இல்லை. குல் கான் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே என் செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"பாய், அந்தப் பின்னை இனிமேல் நான் தொட மாட்டேன். ஸ்டவ்வையும் நீயே பார்த்துக்கொள்" என்றார், அவருடைய உருதுவில்.

துபாய் திரும்பியதும் என்னை மறுபடி தகரக் கொட்டகைக்கே அனுப்பிவிட்டார்கள். (உப்புமாவைப் பற்றி ஹார்ட்டன் எழுத்து மூலமாகவே புகார் கொடுத்திருந்தார்.) பின்னை மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். எறியவும் தைரியம் இல்லை, பார்க்கவும் தைரியம் இல்லை.

ஒரு வருஷம் கழிந்தது. தேராவில் கீழக்கரைக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு ஆள், காதர் பாய் என்று கூப்பிட்டார்கள், ஏதோ ஒரு கம்பெனியின் கேம்ப் சமையல்காரர். சுற்றி நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அபுதாபிக்கு மேற்கே உப்புத்தரை. முப்பது மைலுக்கு ஒரு மனுசன் கிடையாது. ஆளுக எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. ஒரே பனி. டீயைப் போட்டு வச்சுட்டு, தண்ணிக் கேனை எடுத்துக்கிட்டு ஒதுங்கப் போனேன். உக்காந்திருக்கேன், ஒரு குரல் கேக்குது. தமிழ்ல கேக்குது. அடுத்தாப்புல உருதுல கேக்குது. அடுத்தாப்புல இங்கிலீசு. ஒரே குரல். மனுசன் இப்படிப் பேசுவானா?"

மீன்குழம்பில் இருந்த என் கை அப்படியே நின்றது.

"நான் எந்திரிக்கவே இல்லை. பனி விலகுற வரைக்கும் உக்காந்தே இருந்தேன். வந்து பாத்தா ஸ்டவ் பின்னைக் காணோம். தட்டுல ஒரு பெருங்காயக் கட்டி. அந்தக் காட்டுல பெருங்காயம் எங்கேருந்து வரும், சொல்லுங்க? இது பெரிசில்லை. கால் தடத்தைப் பாத்தோம். செருப்புக் கால் எல்லாம் வலது. வெறுங்கால் எல்லாம் இடது. ஒத்தைக் கால் ஜின்னு ரெண்டு, சோடி போட்டு நடந்து வந்திருக்கு. ஆளுக வந்ததும் கூடாரத்தைப் பிரிச்சு, பத்து நிமிசத்துல கிளம்பிட்டோம்."

நான் பொறுக்க முடியாமல், "பாய், அது நான்தான்" என்றேன்.

கடையே திரும்பியது. பட்டியல், பின், சேற்றில் போன செருப்பு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எங்கள் இரண்டு கம்பெனிக்கும் பெட்டி செய்தது ஒரே ஆசாரி என்று அப்போதுதான் தெரிந்தது. காதர் பாய் மேஜைக்கடியில் குனிந்து என் இரண்டு கால்களையும் நிதானமாகப் பார்த்தார். அப்புறம் சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய ஒரு சின்னத் துணி முடிச்சை வெளியே எடுத்தார். அதிலிருந்து வந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

"ஒரு வருசமா ஓதிக் கட்டியிருக்கேன் தம்பி. இதைக் கட்டினதுலேர்ந்து எனக்கு ஒரு காய்ச்சல் வரலை. நீங்கதான்னு நம்புறேன். ஆனா அவுக்க மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "நீங்க கரண்டியைத் தட்டாம இருந்திருந்தா நான் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் பாய்" என்றேன்.

காதர் பாயின் சிரிப்பு நின்றது.

"நான் தட்டலையே. டீதானே போட்டேன், கரண்டிக்கு அங்கே என்ன வேலை? டங் டங்னு எனக்கும் கேட்டுச்சு. உங்க பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு."

மோர் வந்தது, குடித்துவிட்டு எழுந்தோம்.

எனக்குக் கல்யாணமாகி மனைவி துபாய்க்கு வந்தபோது, அவளை வரவேற்க முதலில் வீட்டுக்கு வந்தவர் காதர் பாய்தான். உட்கார்ந்ததும் முழுக் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சிரித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "இவருகூட அன்னைக்கு வேற யாரு வந்தாங்க?" காதர் பாய் கழுத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மதுரையில் நாலாவது மாடியில் இருக்கிறோம். பால் வாங்கவோ மருந்து வாங்கவோ நான் தனியாகக் கிளம்பும்போதெல்லாம், அடுக்களையிலிருந்து அவள் குரல் கொடுப்பாள்: "ரெண்டு பேரும் பாத்துப் போயிட்டு வாங்க." பேரப்பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். லிப்டில் ஏறினால் மட்டும், என்னையறியாமல் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி நின்றுகொள்கிறேன்.