குறை சொல்லும் பலகை

குறைகளைத் தாளில் எழுதிக் கொடுப்பதால் அலுவலக அலமாரிகள் நிரம்பிவிடுகின்றன என்பதை நகராட்சி நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டறிந்தது. எனவே, பொதுமக்கள் இனித் தம் குறைகளை ஓவியமாகவே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. வீட்டுக்கு ஐந்தடி நீளத்தில் ஒரு கெட்டிப் பலகை, மூன்று டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ். வரைந்த பலகைகள் பூங்காச் சுவரில் மாட்டப்படும்.

தையல்காரம்மாவுக்கு இருந்தது ஒரே குறை. அவள் வாசலுக்கு நேரே சாக்கடையை மூடியிருந்த சிமெண்ட் ஸ்லாப் உடைந்து கிடந்தது. அதில் விழுந்துதான் அவள் கணவர் காலை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாவுக்கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊன்றுகோலோடு மூன்றடிப் பள்ளத்தை எப்படித் தாண்டுவார்?

பலகை வாங்கப் போனால், அலுவலக முற்றத்தில் பெயிண்ட் டப்பாக்களைப் புத்தம்புது ஸ்லாப்புகளின்மேல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"சார், இதுல ஒண்ணு குடுத்தாப் போதும். படமே வேண்டாம்."

"குடுக்கலாம்மா," என்றார் ஓவியக் குறைதீர் அலுவலர். "ஆனா உங்க குறை இன்னும் வரலையே."

"நானே வந்திருக்கேனே."

"நீங்க வந்திருக்கீங்க. குறை பலகையில வரணும்."

வீடு, படி, பள்ளம் எல்லாம் வரைந்து கொடுத்தாள். திங்கட்கிழமை அலுவலர் டேப்போடு பூங்காவுக்குப் போய்ப் படத்திலிருந்த பள்ளத்தை அளந்தார்.

"ஒன்பது அங்குலம். ஒரு அடிக்குக் குறைஞ்ச பள்ளத்துக்கு ஸ்லாப் கிடையாதும்மா."

"படத்துல வீடே ஒண்ணரை அடிதான் சார்."

"வீடு சின்னதுன்னு புகார்னா தனிப் பலகை வாங்கிக்குங்க."

இருபது வருடமாக ரவிக்கைக்கு அளவெடுத்த கை. வீட்டை அழித்தாள், படியை அழித்தாள், பள்ளத்தை மட்டும் நூல் பிசகாமல் மூன்றடிக்கு வரைந்தாள். வியாழக்கிழமை அலுவலர் அளந்து பார்த்து மனம் குளிர்ந்தார்.

"இது பள்ளம். இன்னிக்கே நடவடிக்கை."

சாயங்காலமே ஒரு பெயிண்டரோடு பூங்காவுக்கு வந்தார். பெயிண்டர் பள்ளத்தின்மேல் சாம்பல் நிறத்தில் அழகான ஸ்லாப் ஒன்றை வரைந்தார். கீழே 'குறை களையப்பட்டது' என்று சீல் விழுந்தது. தெருவே கை தட்டியது. பழக்கதோஷத்தில் அவளும் தட்டிவிட்டாள்.

"சார், பள்ளம் எங்க வாசல்லதானே இருக்கு?"

"புகார் எங்க இருக்கோ அங்கதானேம்மா நடவடிக்கை எடுக்க முடியும்?"

"எங்க வீட்டுக்காரர் எப்படித் தாண்டுவார்?"

"அவரையும் வரைஞ்சு விடுங்க. அந்தப் பக்கமா நிக்கிற மாதிரி."

வெள்ளிக்கிழமை காலையில் தையல்காரம்மா பூங்காவுக்குப் போய்த் தன் பலகையைக் கழற்றி வந்தாள். படம் மேலே தெரிய, சாக்கடைமேல் குறுக்கே போட்டாள். கணவர் ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தார்.

"தாங்குமா?"

"சர்க்கார் ஸ்லாப்புங்க. சீலே வச்சிருக்கு. வாங்க."

அவர் தாண்டினார். மாவுக்கட்டும் பிரித்தாயிற்று.

சேதி கேட்டு ஓடிவந்த அலுவலர் பலகைமேல் இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார்: 'ஓவியத்தில் போடப்பட்ட ஸ்லாப் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. எடை தாங்குகிறது.' திட்டத்துக்குப் பதக்கம் கிடைத்தது. அந்த வாரத்துக்குள் பூங்காச் சுவர் காலியானது. கொசுத் தொல்லைப் பலகை ஒரு வீட்டில் ஜன்னல் கதவாயிற்று. தண்ணீர் வராத பலகை இன்னொரு வீட்டில் காலித் தொட்டிக்கு மூடியாயிற்று.

அடுத்த ஆண்டு, அலுவலக முற்றத்தில் குறைகேட்புக் கூட்டம். "ஏதாவது குறை உண்டா?" என்றார் அலுவலர்.

தெரு முழுவதற்கும் இருந்தது ஒரே குறை. முதல் ஆளாக எழுந்தவள் தையல்காரம்மா. அளவுகளைச் சீட்டில் குறித்தே கொண்டுவந்திருந்தாள்.

"மழையில பலகையெல்லாம் வளைஞ்சுபோச்சு சார். இந்தத் தடவை அரை அங்குலம் தடிமன் கூட்டிக் குடுங்க."

"நியாயமான கோரிக்கை," என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் கை தட்டினார்கள். தையல்காரம்மாவும் தட்டிவிட்டுத் திருப்தியோடு தன் இடத்தில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் போதாததால், பெண்களுக்கு அன்று முற்றத்து ஸ்லாப்புகளின்மேல்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.