பச்சைத் தண்ணீர் குடித்த எலிகள்

மறக்க வேண்டிய எலி மறக்கவில்லை.

எலி சார் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். வெள்ளை எலி வெள்ளைத் தண்ணீரில் அம்பு மாதிரி நீந்திப் போய், கண்ணுக்குத் தெரியாத மேடையில் ஏறி நின்று, மீசையைத் துடைத்துக்கொண்டது.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

எலி தும்மியது.

அவர் குழம்பியதில் நியாயம் இருந்தது. ஈர நிலத்தில் படரும் ஒரு செடியின் சாறு மறதியைத் தடுக்குமா என்று பார்ப்பது அவர் வேலை. பார்க்கும் விதம் ரொம்ப அழகானது. பெரிய வட்டத் தொட்டி ஒன்று. அதில் தண்ணீர், தண்ணீரில் பால்பவுடர். நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு மேடை. பால் வெள்ளையில் அது தெரியாது. எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் பிடிக்காது. அங்குமிங்கும் அலைந்து, தற்செயலாக மேடையில் கால் பட்டதும் 'அப்பாடா' என்று ஏறிக்கொள்ளும். சுற்றுச் சுவரில் முக்கோணம், பிறை, ஏணி என்று படங்கள் ஒட்டியிருக்கும். ஏணிக்கும் பிறைக்கும் நடுவில் மேடை என்று எலி மனத்தில் குறித்துக்கொள்ளும். மறுநாள் அலையாது, நேரே போகும்.

அதற்கப்புறம்தான் ஞாபகத்தைக் கொஞ்ச நேரம் மங்க வைக்கும் ஊசி. எலிகளில் பாதிக்கு முன்கூட்டியே செடிச்சாறு புகட்டியிருக்கும். மீதிக்குப் பச்சைச் சாயம் கலந்த வெறும் தண்ணீர். சாறு நல்ல மருந்தாக இருந்தால், அதைக் குடித்த எலி மேடைக்குப் போகும். தண்ணீர் குடித்த எலி வழி தெரியாமல் சுற்றும்.

அந்தச் சுற்றலைத்தான் காணோம். எல்லா எலியும் நேரே போயின.

போன் அடித்தது. மூன்றாம் மாடியிலிருந்து, கோடு போடும் பெண். தொட்டிக்கு மேலே கூரையில் ஒரு கேமரா உண்டு. அது எடுக்கும் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு எலியும் நீந்திய வழியைக் கோடாக வரைவது அந்தப் பெண்ணின் வேலை. இருவருக்கும் ஒரே கட்டடம்தான். நேரில் பார்த்ததில்லை.

"சார், இன்னிக்கும் எல்லாமே நேர்கோடு. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி."

"தண்ணி குடிச்சதுமா?"

"அதுதான் சார் இன்னும் நேரா போகுது."

மாத முடிவுக்குள் வித்தியாசம் காட்டாவிட்டால் எலியறையை மூடிவிட்டுக் குளிர்பெட்டிகள் வைக்கப் போவதாக ஆய்வகத்தின் இயக்குநர் அம்மாள் சொல்லியிருந்தார். எலி சாருக்கு வேறு அறை கிடைக்கும். அங்கே மேஜை இருக்கும், நாற்காலி இருக்கும், எலி இருக்காது.

அதுதான் அவருக்குப் பயம். மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பிறந்த பேரன் தவழ்ந்து, நடந்து, இப்போது பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டான். கூப்பிட்டால், "இருங்க, குழந்தை சாப்பிடல, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. ஆகையால் வீட்டில் செலவாகாத பேச்சையெல்லாம் எலி சார் ஆய்வறையில் கொண்டுவந்து இறக்குவார். கொட்டுகிற மழையில், பஸ் நிறுத்தத்தில், மனைவியை முதன்முதலாகப் பார்த்த கதையை, மேடைப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். அதற்குள் எலி மேடை ஏறிவிடும். நேரத்தைக் குறிக்க வேண்டும், எலியைத் துண்டில் சுற்றித் தூக்க வேண்டும். அடுத்த எலிக்கு மறுபடி மழையிலிருந்து தொடக்கம். அந்தக் கதை ஒருநாளும் பஸ் ஏறியதில்லை.

முதல் சந்தேகம் மருந்து புகட்டுகிறவர் மேல் விழுந்தது. மருந்தாளர் மூத்தவர், முன்கோபி.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேக்கறதுக்கு முன்னாடியே கோவம் வருது. கேளுங்க."

"புட்டி ரெண்டும் மாறியிருக்குமோ?"

மருந்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க எலிக்கு மறதி வரல. அதுக்கு எனக்கு மறதின்னு பட்டம் கட்டறீங்களா? நல்லா இருக்கு சார் நியாயம். இனிமே நீங்களே புகட்டுங்க. கடிச்சா என்னைக் கூப்பிடாதீங்க."

போகும்போது தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார்.

எலி சார் தாமே புகட்டினார். மத்தியானச் சாப்பாட்டின்போது மருந்தாளரிடம் பேசும் பேச்சும் இப்போது எலிகளின் கணக்கில் சேர்ந்தது. மறுநாள் கோடுகள் இன்னும் நேராயின.

'வாசனையோ?' என்று அடுத்து யோசித்தார். துப்புரவு அக்கா தரை துடைக்கும் நீர்மத்தில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும். எலிக்கு மூக்குதான் பாதி மூளை.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு இந்த ரூம் பக்கம் வராதீங்க."

"நான் வரலன்னா இங்க வேற யாரு சார் வரா? எலியே வேற போக்கிடம் இல்லாமதான் இருக்கு."

அவரே தொட்டியைத் தேய்த்தார், தரையைத் துடைத்தார். கோடு நேராகவே வந்தது. ஈரத்தில் நின்றதில் அவருக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. காற்று வந்தது, குரல் வரவில்லை. எலிகளுக்கும் குளிருமே என்று அன்று தொட்டியில் இரண்டு வாளி வெந்நீர் ஊற்றினார்.

போன் அலறியது. "சார்! தண்ணி குடிச்சதெல்லாம் நூல்கண்டு பிரிச்ச மாதிரி சுத்துது! சாறு குடிச்சது நேரா போகுது! இதுக்குத்தானே காத்திருந்தோம்?"

எலி சாரால் "ஹ்ஹ்" என்று மட்டுமே சந்தோஷப்பட முடிந்தது.

மாலையில் கொஞ்சம் கரகரப்பு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"யாருங்க பேசறது?"

"நாந்தான்."

"எந்த நாந்தான்?"

அது தெளிவாவதற்குள் பேரன் விழித்துக்கொண்டான்.

ஆனாலும் எலி சாருக்கு ரகசியம் புரிந்துவிட்டது. வெந்நீர்! மறுநாள் குரல் திரும்பியிருந்தது. தொட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொரு எலியிடமும் நல்ல செய்தியைச் சொல்லி இறக்கினார்.

நேர்கோடு.

கடைசியாக அவர் செய்த காரியம் கொஞ்சம் மூர்க்கமானது. சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றினார். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் திரை தொங்கவிட்டார். மேடையைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார், கூடவே தமது முக்காலியையும் துண்டையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். இப்போது ஏணி இல்லை, பிறை இல்லை, பழைய இடமும் இல்லை. சாறு குடித்தாலும் சரி, தண்ணீர் குடித்தாலும் சரி, எந்த எலியும் அலைந்தே ஆக வேண்டும். எலி அலைகிறது என்பதையாவது ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு பிழையைப் படிப்படியாகப் பிடித்துவிடலாம்.

திரைக்குள் இருட்டாகவும் இதமாகவும் இருந்தது. மனிதன் மனம்விட்டுப் பேச ஏற்ற இடம். இயக்குநர் அம்மாளைப் பற்றிக்கூட நாலு வார்த்தை சொன்னார்.

எலிகள் ஒவ்வொன்றும், தாங்கள் போயே இராத இடத்துக்கு, நேராகப் போயின.

போன் அடித்தது. "சார், மேடையை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேம்மா."

"அதுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"எலிகிட்ட நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?"

அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

எலி சார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்த்த இடம் ஞாபகம் இருக்கலாம். பார்க்காத இடம் எப்படி ஞாபகம் இருக்கும்? மறதிக்கு மருந்து தேடப் போன இடத்தில் ஜோசியம் சொல்லும் எலிகள் கிடைத்திருந்தன.

இயக்குநர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார்.

"ஒருவேளை அந்தப் பச்சைத் தண்ணிக்கே ஏதாவது சக்தி இருக்குமோன்னு..." என்று இழுத்தார் எலி சார்.

"அப்ப எதுக்கு அந்தச் செடிக்கு இவ்வளவு உரம் போடறோம்? குழாயைத் திறந்துவிட்டாப் போதுமே. போய்ச் சாமானை ஒழிச்சு வைங்க. நாளைக்குக் குளிர்பெட்டி வருது."

எலியறைக்குத் திரும்பினார். கூண்டுகளைத் துடைத்தார். எலிகள் கம்பிக்கு வந்து மூக்கை நீட்டின.

கதவு தட்டப்பட்டது. காகிதச் சுருளோடு ஒரு பெண் நின்றாள். அவர் மகள் வயதிருக்கும்.

"நான்தான் சார், கோடு."

அவர் பதறி முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. சுருளை மேஜையில் விரித்தாள். வரிசை வரிசையாக நேர்கோடுகள். நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும் நூல்கண்டு.

"இந்த நாளைப் பாருங்க சார்."

"அன்னிக்கு வெந்நீர் ஊத்தினேன்."

"மறுநாளும்தான் ஊத்தினீங்க. ஆனா அன்னிக்கு மட்டும் நீங்க வாயைத் திறக்கல."

"நான் வாயைத் திறந்தா உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேமராவுல சத்தமும் வரும் சார்."

திரைக்குள் பேசியது முழுக்க ஒரு வார்த்தை விடாமல் எலி சாருக்கு நினைவுக்கு வந்தது. அவருடைய ஞாபகசக்திக்கு எந்தச் சாறும் தேவைப்படவில்லை.

"யார் யாரும்மா கேட்டாங்க?" என்றார் மெல்ல.

"நான் மட்டும்தான் சார். அந்த மாடியில வேற ஆளே கிடையாது." அவள் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இயக்குநர் அம்மாகிட்ட இந்த ஒரு நாளைக் காட்டினேன். குளிர்பெட்டியை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னுட்டாங்க."

"சத்தத்தையும் போட்டுக் காட்டினியா?"

"கோடு மட்டும்தான் சார்."

அவருக்கு மூச்சு வந்தது. "அப்ப இந்த எலியெல்லாம்..."

"நீங்க பேசறப்ப அதுங்க மேடையைத் தேடறதே இல்ல சார், பேச்சுச் சத்தம் வர்ற பக்கம் போனா ஒருத்தர் துண்டோட தூக்கிடுவாருன்னு மட்டும்தான் தெரியும், அதனால டெஸ்டை மருந்தாளர் அண்ணன் வாயைத் திறக்காம நடத்தட்டும், அது முடியற வரைக்கும் நீங்க மேல வந்து என்கிட்ட பேசுங்க."