மாடு யாருடையது?

"ஒத்துக்கிட்டா உடனே அபராதம் கட்டிட்டுக் கெளம்பிடலாமா ஏட்டய்யா? மத்தியானத்துக்குள்ள ஆபீஸ் போவணும்."

கிருஷ்ணகிரி நீதிமன்ற வாசலில் இப்படிக் கெஞ்சியவர், பதினெட்டு ஆண்டுகளாகப் பிறர் மனுக்களைத் திருப்பி அனுப்பியே பழகிய அரசு இளநிலை உதவியாளர் ராமப்பன். அவருடைய காளை, அனுமதியில்லாத எருது விடும் விழாவில் ஓடிப் பிடிபட்டிருந்தது.

"தாராளமா," என்றார் ஏட்டு ஆனந்தராஜ். "மாடு உங்களுதுன்னு எழுதிக்கட்டா?"

"எழுதாதீங்க!" குறுக்கே பாய்ந்தார் வக்கீல் ராஜலட்சுமி. "சார், நீங்க அரசு ஊழியர். ஒத்துக்கிட்டா தண்டனை. தண்டனைன்னா துறை நடவடிக்கை. வேலையே போனாலும் போவும்."

ராமப்பனின் ஓய்வூதியம், மகள் சுவேதாவின் கல்லூரி, ஊரில் கிடைக்கும் வணக்கம், யாவும் ஒரு தலையசைப்பில் ஊசலாடின.

"மாடு... என்னுது இல்லீங்க."

வேப்பமரத்தடியில் கட்டியிருந்த காளை கயிற்றை இழுத்துவந்து அவர் கையை நக்கியது.

"அதுக்கு உங்களத் தெரியுது. உங்களுக்குத்தான் அதத் தெரியல," என்றார் ஏட்டு. "சரி, ஆளில்லாத மாடுன்னு ஏலம் விட்டுடறோம்."

"ஐயோ, ஏலமா!"

"யாரு மாட்டுக்கோ இவரு அழுவறாரு பாருங்க! பொய் சொன்னாருன்னும் சேத்து எழுதறேன்."

அப்போது கம்பெனிச் சீருடையோடு பைக்கில் வந்திறங்கினான், போச்சம்பள்ளியில் வேலை செய்யும் மைத்துனன் முனிராஜ்.

"மாடு என்னுதுங்க ஏட்டய்யா. மாமா தவிடு வெப்பாரு, அவ்ளோதான்."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "எனக்கு ஒரு பேரு வேணும்." வக்கீல் வானத்தைப் பார்த்தார்.

"டேய், உன் வேலை?" என்று கிசுகிசுத்தார் ராமப்பன்.

"நானு காண்ட்ராக்ட் ஆளு மாமா. என் வேலை போவறதுக்கு கேசு எதுக்கு? சூப்பர்வைசர் மொறைச்சாலே போதும்."

நாதியற்றவனின் நெஞ்சு, நாற்காலி பிடித்தவனுக்குக் கேடயமாயிற்று!

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று உள்ளே நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேங்கய்யா."

இரண்டே நிமிடம். தண்டனை, அபராதம், பதிவேட்டில் பெயர், முடிந்தது. வெளியே வந்தவனை ராமப்பன் கட்டிக்கொண்டு விம்மினார். "என் பொழப்பக் காப்பாத்திட்டடா!"

ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தாள் ராமப்பனின் மனைவி முனிலட்சுமி. மூச்சிரைத்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, எந்தம்பிக்கு கவர்மெண்டு வேலை வந்திருச்சுங்க! அவன் மேல கேசு எதுவும் இல்லன்னு போலீசுல ஒரு காயிதம் மட்டும் வேணுமாம். நல்லவேளை, ஏட்டய்யாவும் இங்கயே இருக்காரு!"