கிட்டார் கண்காட்சியில் நான் போட்ட கட்டு

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகணும். அங்க ஒரு கல்யாண மண்டபத்துல கிட்டார் கண்காட்சி. ஒரு மேசையைப் போட்டு, நான் கையால தச்ச தோல் பெல்ட்டை விக்கணும். கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிறதுக்கு ஒரு பெல்ட் இருக்கும்ல, அதேதான். வித்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துறணும்.

இதுல என்ன தப்பு நடக்கும்னு புதுசா வந்தவங்க கேப்பீங்க. என்னை ரொம்ப நாளா ஃபாலோ பண்றவங்க கேக்க மாட்டீங்க.

எங்க வீட்ல பேண்டேஜ் துணி கம்பெனி. காயத்துக்குக் கட்டுற வெள்ளைத் துணி. மாமனாரு ஆரம்பிச்சது, இப்ப எங்க வீட்டுக்காரரும் சேந்து பாத்துக்கிறாரு. நான் மட்டும் சாப்பாட்டு மேசையில தோலை விரிச்சு வச்சு ஊசியும் நூலுமா உக்காந்திருப்பேன். ரசத்துல தோல் வாடை அடிக்குதுன்னு மாமனாருக்கு ரொம்ப நாளா வருத்தம்.

"மாமா, அந்த மாடி ரூமைக் குடுத்துருங்க. நான் என் தட்டுமுட்டை எல்லாம் தூக்கிட்டு மேல போயிருதேன்"னு கேட்டேன்.

"ஏத்தா ஜெயா, நம்ம பக்கம் எம்புட்டு பேரு கிட்டாரு வாசிக்கான்? சரி, இப்படி வச்சுக்குவோம். அந்தக் கண்காட்சியில ஒரே ஒரு பெல்ட்டு வித்துட்டு வா. ரூம் உனக்கு. விக்கலைன்னா திங்கக்கிழமை காலையில கம்பெனிக்கு வந்து பேக்கிங்ல உக்காரு."

"சரி மாமா!"

வாய் என்னோடதுதான், ஆனா மூளையைக் கேக்காமலே பேசிரும். அந்த மாடி ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு. அது பக்கத்துல எனக்குன்னு ஒரு மேசை போடணும்னு எனக்கு அம்புட்டு ஆசை.

சனிக்கிழமை வீட்டுக்காரரே பேக்கிங் பண்ண வந்தாரு. "ஒண்ணோட ஒண்ணு உரசுனா தோல்ல கோடு விழுந்துரும்டி. நீ போய்த் தூங்கு, நான் பாத்துக்கிறேன்."

எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. எம்புட்டு நல்ல மனுசன்!

ஞாயித்துக்கிழமை மண்டபத்து வாசல்ல இறங்கிப் பெட்டியைப் பாத்தப்பதான் கண்ணு நெசமாவே கலங்குச்சு. மூணு பெட்டியும் எங்க கம்பெனிப் பெட்டி. ஒவ்வொண்ணுலயும் பெருசா சிவப்புக் கலர்ல கூட்டல் குறி. உள்ள ஒவ்வொரு பெல்ட்டையும் பேண்டேஜ் துணியில சுத்தி, உருண்டை உருண்டையா அடுக்கி வச்சிருக்காரு.

நானும் சும்மா இருக்கல. கலைஞர் மாதிரி தெரியணும்னு தேடிப் பிடிச்சு ஒரு வெள்ளைச் சுடிதார் போட்டுக்கிட்டுப் போயிருந்தேன்.

கண்காட்சி நடத்துறவரு ஒரு கிட்டார் வாத்தியாரு, ஸ்டீபன் மாஸ்டர். அவரு என்னையும் பெட்டியையும் பாத்துட்டு ஓடி வந்தாரு.

"அப்பாடா! முதலுதவிக்குச் சொல்லி வச்ச ஆளு வரலையேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். வாங்க சிஸ்டர், தண்ணி கேன் பக்கத்துல உக்காருங்க."

"சார், நான் ஜெயா. தோல் பெல்ட்டு..."

"தோல் பெல்ட் அம்மாவுக்கு மேடை பக்கத்துல நல்ல இடம் வச்சிருக்கேன், அவங்கதான் இன்னும் வரல!" அதுக்குள்ள அவரு போன் அடிச்சிருச்சு. பேசிக்கிட்டே போயிட்டாரு.

நான் பின்னாடியே ஓடினேன். மேடையில மைக் சரிபண்ணிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் முகம் வெளுத்துருச்சு. "என்ன சிஸ்டர், அதுக்குள்ள யாருக்காவது அடியா?"

"இல்ல சார், அது வந்து..."

"இல்லைல்ல? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! போய் உக்காருங்க"ன்னு சொல்லிட்டு மைக்ல டெஸ்ட்டிங், டெஸ்ட்டிங்னு ஆரம்பிச்சுட்டாரு.

சரி, மேசை எங்க இருந்தா என்ன, சரக்கு பேசும்னு திரும்பி வந்தேன். வந்து பாத்தா என் மேசை முன்னாடி வரிசை நிக்குது.

அட, வியாபாரம்!

முதல் ஆளு ஒரு காலேஜ் பையன். விரலை நீட்டினான். "கம்பி அறுத்துருச்சுக்கா."

பாவமா இருந்துச்சு. பெல்ட்டைச் சுத்தியிருந்த துணியில கொஞ்சம் வெட்டிக் கட்டிவிட்டேன். கட்டிவிட்டுட்டு, கண்ணாடி முன்னாடி ஒரு வாரம் பழகுன சிரிப்போட, "அப்படியே இந்தப் பெல்ட்டையும் பாருங்க தம்பி"ன்னேன்.

"வேண்டாம்க்கா. விரல்ல மட்டும்தான் காயம்."

அடுத்து ஒரு பெரியவரு. பேரன் கூட வந்திருப்பாரு போல. "பிரஷர் பாக்கணும்மா."

"ஐயா, இது பெல்ட்டுக் கடை."

"தெரியும்மா. கையில பெல்ட்டு சுத்தித்தானே பாப்பாங்க?"ன்னு சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒரு டம்ளர் தண்ணி குடுத்து, "பிரஷர் நல்லாருக்குய்யா"ன்னு அனுப்பி வச்சேன். மனுசன் ரொம்பச் சந்தோசமாப் போனாரு.

மதியம் வரைக்கும் இதே கதைதான். ஒண்ணு கூட விக்கல. பேக்கிங் செக்ஷன்ல நான் உக்காரப் போற ஸ்டூலு என் கண்ணு முன்னாடியே வந்து போகுது.

அப்பதான் சாமுவேல் வந்தாரு. மம்சாபுரத்துக்காரரு, சர்ச்சுல கிட்டார் வாசிக்கிறவரு. நேரா வந்து ஒரு பெல்ட்டைக் கையில எடுத்தாரு!

"எருமைத் தோலாக்கா?"

எனக்கு அழுகையே வந்துருச்சு. "ஆமா தம்பி! எருமைத் தோலேதான்! மாட்டிப் பாருங்க, தாராளமா மாட்டிப் பாருங்க!"

அவரு கிட்டாரை மாட்டித் தோள்ல தொங்க விட்டாரு. "ஜம்முனு இருக்கேக்கா. ஆனா நான் பாட்டு வாசிக்கையில குதிப்பேன். தாங்குமா?"

இங்க ஒரு புத்தியுள்ள வியாபாரி என்ன சொல்லணும்? "தாங்கும்"னு சொல்லி நிறுத்திறணும்.

நான் சொன்னேன்: "குதிச்சே பாருங்க தம்பி! நல்லாக் குதிங்க!"

குதிச்சாரு. பெல்ட்டு அசையல.

"இன்னும் கொஞ்சம் உசரமா!"

உசரமாவும் குதிச்சாரு. காலு வந்து இறங்குன இடத்துல, காலையில இருந்து நான் பிரிச்சுப் போட்ட பேண்டேஜ் துணி ஒரு குவியல். டைல்ஸ் தரை வேற. சர்ருனு ஒரு சத்தம்.

பெல்ட்டு தாங்குச்சு. ஆளுதான் தாங்கல.

மண்டபமே ஓடி வந்துச்சு. வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "கிட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?" கீழ கெடந்த சாமுவேலும் அதைத்தான் கேட்டாரு. கிட்டாருக்கு ஒரு கீறல் இல்ல. அவரோட இடது மணிக்கட்டுதான் வீங்க ஆரம்பிச்சிருச்சு.

"தள்ளுங்கப்பா, தள்ளுங்க! சிஸ்டர் பாக்கட்டும்!"

என் வாயால ஒருத்தர் கையை முறிச்சுட்டேனே! ஆனா பேண்டேஜ் கம்பெனி வீட்டு மருமகளாச்சே, கல்யாணமானதுல இருந்து கம்பெனி காலண்டர்ல கட்டுப் போட்ட கை படமாத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்! துணியை மடிச்சுத் தொட்டில் மாதிரி ஆக்கி, ரெண்டு நுனியையும் கிட்டாருல இருந்து கழட்டுன பெல்ட்டு ஓட்டையில முடிச்சுப் போட்டு, பெல்ட்டைக் கழுத்துல மாட்டி, கையை உள்ள வச்சேன். கச்சிதமா உக்காந்துருச்சு.

மண்டபத்துல ஒரே கைதட்டு. ஸ்டீபன் மாஸ்டர் மைக்கைப் பிடிச்சாரு. "நம்ம முதலுதவி சிஸ்டருக்கு நன்றி! ஆனா தோல் பெல்ட் ஜெயா மேடம் கடைசி வரைக்கும் வரவே இல்ல. அடுத்த தடவை அவங்களுக்கு இடம் கிடையாதுங்கிறதை வருத்தத்தோட சொல்லிக்கிறேன்."

நானும் கை தட்டினேன். வேற என்ன செய்ய?

பொறவு சாமுவேலை ஆட்டோவுல ஏத்தி எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவரு, "விடுங்கக்கா, தோலு நெசமாவே நல்ல தோலு"ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டு வாராரு. எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு முறியல, பிசகுதான். எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

டாக்டர் அந்தப் பெல்ட்டைத் தொட்டுப் பாத்தாரு, இழுத்துப் பாத்தாரு. "இதைக் கட்டுனது யாரு?"

போச்சு, கேஸு. "நான்தான் டாக்டர். வந்து... அவசரத்துல..."

"அகலமா இருக்கு. கழுத்தை அறுக்கல. நீளம் கூட்டிக் குறைச்சுக்கலாம் போல. எங்கம்மா வாங்குனீங்க? எனக்கு ஒரு பத்து வேணுமே."

சாமுவேலும் பெல்ட்டைக் கழட்ட மாட்டேன்னுட்டாரு. "இது எனக்குத்தான்க்கா. கை சரியாகட்டும், கிட்டாருக்கு மாட்டிக்கிடுதேன்"னு வலது கையால காசை எடுத்துக் குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒண்ணுவிடாமச் சொன்னேன். மாமனாரு கண்ணை மூடிக் கேட்டாரு. வீட்டுக்காரரு பெட்டிப் பேச்சு வந்ததும் எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சாரு.

"மாமா, வித்துட்டேன்ல?"

"வித்துட்ட. வாங்குனவன் கிட்டாருக்காரன்தான், அதுவும் ஒத்துக்கிடுதேன். ஆனா மாட்டுனது கையிலல்ல?"

"கை சரியானதும் கிட்டாருல மாட்டுவாரு மாமா!"

"அது அவன் பாடு. டாக்டர் பத்து கேட்டாருல்ல? அந்தப் பத்துல எத்தனைய கிட்டாருல மாட்டுவாரு?"

நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். ஒண்ணு கூடத் தேறல.

"கிட்டாரு இல்லாத ஊரு எம்புட்டோ கெடக்குத்தா. கை கால் பிசகாத ஊரு இருக்கா?" இதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

திங்கக்கிழமை காலையில ஆளை வச்சு மாடி ரூமைக் காலிபண்ணிக் குடுத்துட்டாரு. சொன்ன சொல் மாறாத மனுசன்!

ஜன்னல் பக்கத்துல மேசை போட்டாச்சு. கதவுல அவரே போர்டும் எழுதி மாட்டிட்டாரு: "எலும்பு முறிவுப் பிரிவு."